திருவனந்தபுரமா, தூத்துக்குடியா? குமரி மாவட்டத்தார் கேட்கும் விமானத் தூரக் கேள்விகள்

நாகர்கோவிலில் டிக்கெட் பதிவு செய்து கொடுக்கும் சிறிய கடை எங்களுடையது. விமான டிக்கெட்டுக்கு வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே தூரத்தையும் நேரத்தையும் கேட்கிறார்கள். கூட்டமான நேரத்தில் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லி அனுப்பியதால் சிலர் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நிதானமாகப் பதில் எழுதி வைத்திருக்கிறேன். தூரங்களெல்லாம் ஏறத்தாழச் சொன்னவை. புறப்படும் நேரத்தை மட்டும் உங்கள் டிக்கெட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

அண்ணாச்சி, நமக்குப் பக்கத்தில் இருக்கிற விமான நிலையம் எது?

நம் மாவட்டத்துக்குள் விமான நிலையம் இல்லை. மேற்கே திருவனந்தபுரம், வடகிழக்கே தூத்துக்குடி. நாகர்கோவிலிலிருந்து சாலை வழியாகத் திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். தூத்துக்குடி விமான நிலையம் சுமார் 115 கிலோமீட்டர். தூத்துக்குடி என்றாலும் விமான நிலையம் நகருக்குள் இல்லை. திருநெல்வேலி சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது, அதனால் நமக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். மூன்றாவதாக மதுரை உண்டு. அது 230 கிலோமீட்டருக்கு மேல், நான்கு மணி நேரப் பயணம்.

மார்த்தாண்டம், களியக்காவிளை, குளச்சல் பக்கத்தாருக்குத் திருவனந்தபுரம்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. நாகர்கோவிலுக்குக் கிழக்கே இருப்பவர்கள்தான், அதாவது ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம், கன்னியாகுமரிக்காரர்கள்தான், இரண்டையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும். கிலோமீட்டரில் அவர்களுக்கும் திருவனந்தபுரமே குறைவு. ஆனால் கிலோமீட்டர் வேறு, நேரம் வேறு. கீழே சொல்கிறேன்.

இந்த இரண்டு இடத்திலிருந்தும் சென்னைக்கு எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்?

வான்வழியில் திருவனந்தபுரத்திலிருந்து சென்னை சுமார் 613 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து சுமார் 528 கிலோமீட்டர். ஜெட் விமானத்தில் திருவனந்தபுரம் சென்னை பயணத்துக்கு டிக்கெட்டில் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை போட்டிருப்பார்கள். தூத்துக்குடியிலிருந்து சிறிய ஏடிஆர் விமானம் என்றால் ஒன்றரை மணி நேரம் அல்லது அதைவிடச் சற்று அதிகம்.

85 கிலோமீட்டர் குறைவாக இருந்தும் தூத்துக்குடி விமானத்துக்கு ஏன் அதே நேரம் ஆகிறது?

விமானம் வேறு என்பதால். திருவனந்தபுரத்துக்கு வருகிற ஏர்பஸ் 320, போயிங் 737 போன்றவை ஜெட் விமானங்கள்; உயரே போனபின் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். தூத்துக்குடிக்குப் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருப்பது ஏடிஆர் 72. இறக்கையில் இரண்டு பெரிய விசிறிகள் சுழலும் விமானம் அது, எழுபது பேருக்குச் சற்று மேல் உட்காரலாம். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான்.

விசிறி விமானம் என்றதும் பழைய விமானமோ, பாதுகாப்புக் குறைவோ என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. குறைந்த தூரத்துக்கும் குட்டையான ஓடுதளத்துக்கும் என்றே செய்யப்பட்ட விமானம் அது. எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். தாழ்வாகப் பறப்பதால் ஜன்னல் ஓரம் கிடைத்தால் ஊர்களையும் குளங்களையும் நன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனி, ஆடி மாதங்களில் மலையைத் தாண்டி வருகிற மேல்காற்றில் கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே காற்று.

கூகுளில் சென்னை 700 கிலோமீட்டர் என்று வருகிறது, நீங்கள் 613 என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. கூகுள் காட்டுவது நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குச் சாலைத் தூரம். நான் சொல்வது பூமியின் வளைவின் மேல் திருவனந்தபுரத்தையும் சென்னையையும் மிகக் குறுகிய வழியில் இணைக்கும் தூரம்.

இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் போடச் சொல்லுங்கள், அருமையான கணக்கு. திருவனந்தபுரம் விமான நிலையம் வடக்கு அட்சம் 8.48, கிழக்குத் தீர்க்கம் 76.92. சென்னை 12.99, 80.17. அட்ச வித்தியாசம் 4.51 பாகை, ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் 500. தீர்க்க வித்தியாசம் 3.25 பாகை, நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒரு பாகைக்கு 109 கிலோமீட்டர் வீதம் சுமார் 354. இனி பிதாகரஸ் தேற்றம்: 500-இன் வர்க்கத்தையும் 354-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 613-க்குப் பக்கத்தில் நிற்கும். டில்லி, துபாய் போன்ற நெடுந்தூரத்துக்கு இந்த எளிய முறை சற்றுப் பிசகும். தென்னிந்தியாவுக்குள் இதுவே போதும்.

உண்மையில் விமானம் இந்தக் கோட்டின் மேலேயே போவதில்லை. வானத்திலும் குறித்து வைத்த பாதைகள் உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடுதளத்தின் திசைக்கு ஏற்பச் சுற்றி வரவும் வேண்டும். ஆகவே பறந்த தூரம் எப்போதும் கணக்கிட்ட தூரத்தைவிடச் சற்றுக் கூடும்.

தூரம் தெரிந்தால் நேரத்தை நாமே கணக்குப் போட முடியுமா?

முடியும். நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஜெட் என்றால் கிலோமீட்டரை 800 ஆல் வகுத்து, வருகிற மணி நேரத்தோடு அரை மணி நேரம் கூட்டுங்கள். ஏடிஆர் என்றால் 500 ஆல் வகுத்து 25 நிமிடம் கூட்டுங்கள். அந்தக் கூடுதல் நேரம் தரையில் ஊர்வதற்கும், ஏறுவதற்கும், இறங்குவதற்கும்.

திருவனந்தபுரத்திலிருந்து பெங்களூரு சுமார் 530 கிலோமீட்டர். கணக்குப்படி ஒரு மணி பத்து நிமிடம். மும்பை சுமார் 1,250. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். டில்லி சுமார் 2,220. மூன்றேகால் மணி நேரம். துபாய் சுமார் 2,950. நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட்டில் இருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஒத்துவரும்.

டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் என்று இருந்தது, ஆனால் வானத்தில் ஒரு மணி நேரம்தான் இருந்தோம். ஏன் கூட்டிப் போடுகிறார்கள்?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்வது முதல் போய்ச் சேர்ந்த ஊரில் நிற்கும் இடத்தில் நிற்பது வரை உள்ள நேரம். ஓடுதளத்தின் முனைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, இறங்குமுன் சென்னைக்கு மேல் வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். கூட்டமான நேரம் என்றால் விமான நிறுவனங்கள் முன்னெச்சரிக்கையாகக் கொஞ்சம் கூட்டியே போடுவார்கள். குறித்த நேரத்துக்கு முன்பே இறங்கிவிட்டால் அந்தக் காத்திருப்பு தேவைப்படவில்லை என்று அர்த்தம்.

70 கிலோமீட்டர்தானே, விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நாகர்கோவிலில் ஏறினால் போதாதா?

போதாது. இந்தக் கேள்விக்கு ஒருமுறை நான் "போதும்" என்று சொல்லிவிட்டேன். வளைகுடாவுக்கு வேலைக்குப் போக வேண்டிய ஒருவர், அவரை வழியனுப்ப மனைவியும் இரண்டு பிள்ளைகளும். மழை பெய்த மாலை நேரம். பாலராமபுரம் சந்திப்பைக் கடக்கவே வெகுநேரம் ஆகிவிட்டது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூடியிருந்தது. மறுநாள் அவர் கடைக்கு வந்து என்னைத் திட்டவில்லை. "அடுத்த டிக்கெட் எப்போது கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார். அன்று முதல் தூரத்தைக் கேட்கிறவர்களுக்கு நான் நேரத்தைத்தான் சொல்கிறேன்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவாவது வாசலில் இருக்க வேண்டும். ஆக இரண்டு மணி நேரம். வெளிநாடு என்றால் மூன்று மணி நேரம். இதோடு சாலை நேரம்: நாகர்கோவிலிலிருந்து பகலில் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், விடியற்காலையில் இரண்டு மணி நேரம். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று கடைத்தெருவுக்குள்ளேயே போகிற சாலை அது. ஆக உள்நாட்டு விமானத்துக்கு நாலரை மணி நேரம், வெளிநாட்டு விமானத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்பாக வீட்டைப் பூட்டிக் கிளம்புங்கள். மார்த்தாண்டத்துக்காரர்கள் இதில் ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ளலாம்.

எல்லை தாண்டியதும் காரோடு என்ற இடத்திலிருந்து விழிஞ்ஞம், கோவளம் வழியாகக் கழக்கூட்டம் வரை புறவழிச்சாலை இருக்கிறது. அது விமான நிலையத்தின் பக்கமாகவே போகிறது. நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் சிக்காமல் போக நல்ல வழி. ஓட்டுநரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்; எல்லை வந்தபின் சொன்னால் பழக்கதோஷத்தில் பழைய சாலையில் திருப்பிவிடுவார்.

பஸ்ஸிலோ ரயிலிலோ போய்ச் சேர முடியாதா?

தாராளமாக முடியும். வடசேரி பஸ் நிலையத்திலிருந்து தமிழ்நாடு, கேரள அரசு பஸ்கள் இரண்டும் தம்பானூருக்குப் போகின்றன. ரயிலில் நாகர்கோவில் சந்திப்பிலிருந்து திருவனந்தபுரம் சென்ட்ரல் 71 கிலோமீட்டர். சென்ட்ரலும் தம்பானூர் பஸ் நிலையமும் எதிரெதிரே. அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ, டாக்ஸி கிடைக்கும். பெட்டி ஒன்று மட்டும் இருக்கிற தனி ஆளுக்கு ரயில்தான் நல்லது. சாலை நெரிசல் அதைத் தொடாது. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள், ரயிலும் தாமதமாகும்.

உள்நாட்டு விமானம் என்றால் சங்குமுகம் பக்கம்தானே போக வேண்டும்?

பழைய பழக்கத்தில் பலர் இப்படிச் செய்து தவறான வாசலில் இறங்குகிறார்கள். திருவனந்தபுரத்தில் இரண்டு டெர்மினல்கள். ஒன்று சங்குமுகம் கடற்கரைப் பக்கம், மற்றது 2011-இல் திறந்தது, சாக்கை பக்கம். நடுவில் ஓடுதளம் கிடப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக முடியாது, சாலையில் சுற்றித்தான் போக வேண்டும். சில உள்நாட்டு விமானங்களும் சாக்கை பக்கத்து டெர்மினலிலிருந்து புறப்படுகின்றன. டிக்கெட்டில் டெர்மினல் 1 அல்லது 2 என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து ஓட்டுநருக்குச் சொல்லுங்கள்.

தூத்துக்குடிக்கு 115 கிலோமீட்டர். அதற்கு இன்னும் நேரமாகுமே?

ஆகாது. காவல்கிணறு, வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலி வரை நான்குவழிச் சாலை. திருநெல்வேலி ஊருக்குள் நுழையாமல் பாளையங்கோட்டைப் பக்கமாகத் திரும்பினால் தூத்துக்குடிச் சாலை, அதுவும் நான்குவழி. நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வாகைக்குளம் போய்விடலாம். நான் பல முறை போயிருக்கிறேன், பத்து நிமிடத்துக்கு மேல் பிசகியதில்லை. சுங்கச்சாவடிக் கட்டணம் மட்டும் கூடுதல். விமான நிலையமும் சிறியது. வாசலுக்கும் விமானத்துக்கும் இடையே நீண்ட நடை இல்லை.

சரி, வீட்டு வாசலிலிருந்து சென்னையில் வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டால் எது சீக்கிரம்?

வடசேரியிலிருந்து சென்னை நகருக்குள் போக வேண்டியவர் என்று வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரம் வழி: சாலை இரண்டரை மணி, விமான நிலையத்தில் இரண்டு மணி, விமானம் ஒன்றேகால் மணி, பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி, மீனம்பாக்கத்திலிருந்து வீட்டுக்கு முக்கால் மணி. மொத்தம் ஏழு மணி நேரம். தூத்துக்குடி வழி, அதே வரிசையில்: இரண்டு, ஒன்றரை (சிறிய நிலையம் என்பதால்), ஒன்றரை, அரை, முக்கால், மொத்தம் ஆறேகால் மணி. பக்கத்தில் இருக்கிற விமான நிலையம் முக்கால் மணி நேரம் பின்தங்கிவிடுகிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய சென்னை எழும்பூர் நாகர்கோவில் வந்தே பாரத் ரயில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. பெட்டிக்கு எடை பார்ப்பதில்லை, இறங்குவது எழும்பூரில். ஆறேகால் மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்காக விமானக் கட்டணம் கொடுக்க வேண்டுமா என்று நானே பலரிடம் கேட்டிருக்கிறேன். டிக்கெட் விற்கிற கடைக்காரன் இப்படிக் கேட்கலாமா என்பார்கள். சென்னை என்றால் கேட்பேன். டில்லி, மும்பை என்றால் கேட்கமாட்டேன், அங்கே விமானம் ஒரு நாளையே மிச்சப்படுத்துகிறது. இரவு ரயிலில் தூங்கிப் போக முடிகிறவர்களுக்கோ பகல் பொழுதே வீணாவதில்லை.

பாஸ்போர்ட்டில் தமிழ்நாட்டு முகவரி இருக்கிறது. கேரளத்து விமான நிலையத்தில் ஏதாவது கேட்பார்களா?

கேட்கமாட்டார்கள். எந்த ஊர் அலுவலகம் கொடுத்த பாஸ்போர்ட் என்றாலும், எந்தச் சர்வதேச விமான நிலையத்திலிருந்தும் புறப்படலாம். குடியேற்றச் சோதனை மத்திய அரசினுடையது. நம் மாவட்டத்தார் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கிய காலத்திலிருந்தே திருவனந்தபுரம் வழியாகத்தான் போகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1935-இல் பம்பாயிலிருந்து டாட்டா விமானம் அங்கே வந்திறங்கியபோது நம் கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் திருவிதாங்கூரில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். எல்லைக்கோடு மாறியது, போகிற வழி மாறவில்லை. அது வேற்று ஊர் விமான நிலையம் என்று தயங்க வேண்டாம்.

துபாய் போகும்போது டிக்கெட்டில் இரண்டரை மணி நேரம் காட்டுகிறது, திரும்பும்போது ஐந்தரை மணி நேரம். திரும்புகிற விமானம் அவ்வளவு மெதுவா?

இல்லை. புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சிடப்படுகின்றன. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை 9 மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் பறந்தால் நம் கைக்கடிகாரத்தில் மதியம் 1 மணி, அங்கே 11.30. டிக்கெட்டைக் கழித்துப் பார்த்தால் இரண்டரை மணி நேரம் என்று தோன்றும். திரும்பும்போது அதே ஒன்றரை மணி நேரம் கூடிவிடும்.

ஓமானும் ஐக்கிய அரபு அமீரகத்தைப் போலவே ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகும் குளிர்காலத்தில் வளைகுடாவுக்குப் போகும் நேரம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அந்த மாதங்களில் வடக்கே உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலுத்த காற்று வீசும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும்.

15-ஆம் தேதி 01.10 என்று டிக்கெட்டில் இருக்கிறது. 15-ஆம் தேதி இரவு கிளம்பினால் சரிதானே?

தவறு. தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள். 15-ஆம் தேதி 01.10 என்றால் 14-ஆம் தேதி இரவு கழிந்து நள்ளிரவுக்குப் பின் வரும் ஒரு மணி பத்து நிமிடம். வளைகுடா விமானங்கள் நிறைய இந்த நேரத்தில்தான் கிளம்புகின்றன. மேலே சொன்ன ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் 14-ஆம் தேதி இரவு ஏழரை மணிக்கெல்லாம் நாகர்கோவிலை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும்.

நம் வழக்கில் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். டிக்கெட்டுக்கு நள்ளிரவு 12 மணிக்கே அடுத்த நாள். இந்த ஒரு வித்தியாசத்தில் முழுக் கட்டணத்தையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் கடையில் 00.00 முதல் 04.00 வரை உள்ள டிக்கெட்டுகளின் மேல் "14 இரவு வீட்டிலிருந்து கிளம்பவும்" என்று சிவப்பு மையில் எழுதித்தான் கொடுக்கிறோம்.

ஆராட்டுக்காக விமான நிலையத்தையே மூடுவார்களாமே, உண்மையா?

உண்மைதான். பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். விமான நிலையம் வருவதற்கு முன்பிருந்தே அதுதான் ஊர்வலப் பாதை. இன்றும் ஓடுதளத்தைக் கடந்தே போகிறார்கள். அந்த மாலை சுமார் ஐந்து மணி நேரம் விமானம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும், நிறுவனங்களும் நேரத்தை மாற்றிவிடும். ஆகவே அந்த நாளில் டிக்கெட் இருந்தால் மாற்றிய நேரம் குறுஞ்செய்தியில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சுவாமி நீராடிவிட்டுத் திரும்பும்வரை விமானங்கள் காத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நமக்கும் இதில் பங்கு உண்டு. நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் நாள்களில் நம் பக்கத்துச் சாலையும் மெதுவாகும். அப்போது விமானத்துக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூரம் குறைவாக இருந்தால் கட்டணமும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்?

பஸ்ஸுக்கு அப்படி. விமானக் கட்டணத்தை முடிவு செய்வது காலி இருக்கைகளும் தேதியும்தான். ஓணம், கிறிஸ்துமஸ், கேரளப் பள்ளி விடுமுறை நாள்களில் திருவனந்தபுரத்துக் கட்டணம் ஏறும். பொங்கல், தீபாவளிக்குத் தூத்துக்குடியில் ஏறும். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவில் வாழ்கிற நமக்கு இது ஒரு வரம்: ஓணத்துக்குத் தூத்துக்குடியைப் பாருங்கள், பொங்கலுக்குத் திருவனந்தபுரத்தைப் பாருங்கள். எப்போதும் சரியாக வரும் என்று சொல்லமாட்டேன், ஆனால் இரண்டையும் பார்க்காமல் பதிவு செய்யாதீர்கள்.

தூத்துக்குடியில் பெரிய ஓடுதளம் வந்துவிட்டதே, இனி ஜெட் விமானம் வருமா?

வருவதற்கு ஓடுதளம் இனித் தடையில்லை. முன்பு சுமார் 1,350 மீட்டர் நீளம்தான். ஏடிஆர் மாதிரி விமானங்களுக்கு அது போதும், ஏர்பஸ்ஸுக்குப் போதாது. இப்போது 3,115 மீட்டர். புதிய முனையத்தைப் பிரதமர் 2025 ஜூலை 26 அன்று திறந்துவைத்தார். ஏர்பஸ் 321 வரை இறங்கலாம்.

ஆனால் ஓடுதளம் நீண்டதால் மட்டும் பயண நேரம் குறையாது, அதில் இறங்குகிற விமானமும் மாற வேண்டும். அதை விமான நிறுவனங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும்போது விமான வகையைப் பாருங்கள். ஏடி7 என்றிருந்தால் ஏடிஆர். 320, 321 என்றிருந்தால் ஜெட். ஜெட் என்றால் மேலே சொன்ன கணக்குப்படி சென்னைக்கு ஒரு மணி பத்து நிமிடம் போதும்.

திருவனந்தபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கே விமானத்தில் போக வேண்டும் என்றால்?

விளையாட்டாகக் கேட்டவர்களும் உண்டு, உண்மையாகவே கேட்டவர்களும் உண்டு. வளைகுடாவிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்கித் தூத்துக்குடிக்குப் போக வேண்டியவர்கள் கேட்பார்கள். நேர்கோட்டில் இரண்டுக்கும் இடையே சுமார் 125 கிலோமீட்டர்தான். ஏடிஆர் கணக்கைப் போட்டால் 40 நிமிடம், அதில் பெரும்பகுதி ஏறுவதற்கும் இறங்குவதற்குமே போய்விடும். அந்தக் கோடு 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்திய மலைக்கு ஏழு கிலோமீட்டர் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறுக்காகத் தாண்டுகிறது.

ஆனால் அப்படி நேரடி விமானம் இல்லை. கணினியில் தேடினால் சென்னை வழியாகவோ பெங்களூரு வழியாகவோ காட்டும். சென்னை வழி என்றால் 613-உம் 528-உம் சேர்ந்து 1,141 கிலோமீட்டர். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் அரை நாள். காரில் நாகர்கோவில் வழியாக நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். இரண்டு விமான நிலையத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் நம்முடையது. நம் வாசலைக் கடந்து போகிற சாலைதான் அவர்களுக்கு நேர்வழி.

திருவனந்தபுரத்திலிருந்து சென்னையைவிடக் கொழும்பு பக்கமா?

ஆமாம், கணிசமாகப் பக்கம். கொழும்பு விமான நிலையம் சுமார் 357 கிலோமீட்டர்தான். மாலத்தீவின் மாலே சுமார் 605. சென்னையும் மாலேயும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம். நேர வித்தியாசம்: கொழும்பு நம் நேரமே, மாலே அரை மணி நேரம் பின்னால். தூரம் குறைவு என்றாலும் இவை வெளிநாட்டுப் பயணம், மூன்று மணி நேரம் முன்பே போகிற கணக்கு இவற்றுக்கும் பொருந்தும்.

அப்பாவுக்கு 78 வயது, முழங்கால் வலி. இரண்டில் எது அவருக்கு வசதி?

நாகர்கோவிலுக்குக் கிழக்கே இருப்பவர்கள் என்றால் தூத்துக்குடி என்பேன். சாலை குலுக்காது, நிலையத்துக்குள் நடை குறைவு. ஏடிஆர் என்றால் விமானத்தின் பின்பக்கக் கதவிலேயே படிகள் இருக்கும். சில படிகள்தான், ஆனாலும் ஏறியாக வேண்டும். படியே ஏற முடியாதவர் என்றால், டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்றும், படி ஏற இயலாது என்றும் தனித்தனியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாசலிலிருந்து கொண்டுபோவதற்கு ஒரு வகை உதவி, விமானத்துக்குள் ஏற்றுவதற்கு வேறு வகை உதவி. புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பாவது தெரிவித்துவிடுங்கள்.

மேற்கே இருப்பவர்கள் திருவனந்தபுரத்துக்கே கூட்டிப்போங்கள், பகல் நெரிசலைத் தவிர்த்து விடியற்காலைக் கிளம்புங்கள். மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டின் நகலும் ஒன்று இருக்கட்டும். பதிவு செய்யும்போது நடுப்பாதை ஓர இருக்கையாகக் கேளுங்கள், காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.